வியன்னா கால்பந்தை சிண்டெலாரிலிருந்து தொடங்குகிற நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கால்பந்து வரலாற்றைத் தமிழில் எழுதுகிற, யூடியூபிலும் பாட்காஸ்டிலும் மணிக்கணக்கில் பேசுகிற நண்பர்களுக்கு,

வணக்கம். நேற்று ராத்திரி நடந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீங்களோ தொண்ணூறு, நூறு வருடத்துக்கு முந்தைய ஆட்டங்களைத் தேடிப் படித்து நம் மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. அந்த நன்றியோடு ஒரு சண்டையும் இருக்கிறது, அதற்காகத்தான் இந்த மடல்.

அதிசய அணி என்று பெயரெடுத்த 1930-களின் ஆஸ்திரிய தேசிய அணியைப் பற்றி உங்களில் யார் பேசினாலும் கதை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. வியன்னாவின் காப்பிக் கடைகள், மேசையைச் சுற்றி எழுத்தாளர்கள், நடுவில் அந்த அணியின் பயிற்சியாளர் ஹியூகோ மைஸ்ல், அப்புறம் மெலிந்த உடம்பால் காகித மனிதன் என்று பெயர் வாங்கிய முன்கள வீரர் மத்தியாஸ் சிண்டெலார். 1931 மே 16 அன்று ஸ்காட்லாந்தை 5-0 என்று அடித்தது, 1932 டிசம்பர் 7 அன்று லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் இங்கிலாந்திடம் 4-3 என்று போராடித் தோற்றது, 1938-ல் ஹிட்லர் உள்ளே வந்தது, 1939 ஜனவரி 23 அன்று சிண்டெலார் வியன்னாவில் ஒரு வீட்டில் விஷ வாயுவில் இறந்துகிடந்தது. எல்லாம் சொல்ல வேண்டிய விஷயங்கள்தான், நானே பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தக் கதைக்குள் நுழைவதற்கு முன் ஒரு வாக்கியம் வரும், கவனித்திருக்கிறீர்களா? "அதுவரைக்கும் வியன்னாவில் உரிடில் மாதிரி முரட்டு ஆட்கள்தான் இடித்துத் தள்ளிக்கொண்டு கோல் போட்டார்கள், சிண்டெலார் வந்து மூளையால் ஆடுவது எப்படி என்று காட்டினார்." அவ்வளவுதான். யோசெஃப் உரிடில் என்ற மனிதருக்கு நம் மொழியில் கிடைத்திருப்பது இந்த அரை வரி. அதுவும் அவரைப் பற்றிச் சொல்வதற்காக வருவதில்லை, சிண்டெலாரை உயர்த்திக் காட்ட ஒரு ஏணிப்படியாக வருகிறது.

அந்த அரை வரி அநியாயம் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உரிடில் 1895 டிசம்பர் 24 அன்று வியன்னாவின் ஓட்டாக்ரிங் பகுதியில் பிறந்தவர். நகரத்தின் மேற்கே இருக்கிற தொழிலாளர் வட்டம் அது. அன்றைய வியன்னாவை நாம் அரண்மனை, வால்ட்ஸ் இசை, கேக் கடை என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். 1910-ல் அந்த நகரத்தில் இருபது லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள், அதில் பெரிய பங்கு பொஹீமியாவிலிருந்தும் மொராவியாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த செக் குடும்பங்கள். செங்கல் சூளை, தையல், கட்டட வேலை, வீட்டு வேலை என்று நகரத்தைத் தாங்கியவர்கள் அவர்கள். உரிடில் என்ற பெயரே அந்த மண்ணிலிருந்து வந்த பெயர்தான். சிண்டெலாரும் அப்படித்தான், மொராவியாவில் பிறந்து, கொத்தனார் அப்பாவோடு வியன்னாவின் ஃபாவொரிட்டன் பகுதிக்குக் குடிவந்த பையன். இரண்டு பேரும் ஒரே மாதிரித் தெருவில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள். ஒருவரைக் காப்பிக் கடையின் பிள்ளையாகவும் இன்னொருவரைப் புறநகரின் முரடனாகவும் பிரித்து வைத்தது பிற்காலத்தில் எழுதியவர்களின் வேலை, அதை நாம் அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

உரிடில் 1914-ல் சேர்ந்த ராபிட் கிளப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தொடங்கப்பட்டபோது அதன் பெயர் முதல் வியன்னா தொழிலாளர் கால்பந்து கிளப். 1899-ல் ராபிட் என்று மாறியது. ஆஸ்திரியாவின் முதல் லீக் போட்டி 1911-12 சீசனில் நடந்தபோது அதை வென்றது இவர்கள்தான். நகரத்தின் மேற்கு ஓரத்தில் ஹூட்டெல்டார்ஃப் பகுதியில் பஃபார்வீஸ என்ற மைதானம் அவர்கள் வீடு. டியோனிஸ் ஷோனெக்கர் என்ற மனிதர் 1910-லிருந்து பல வருடங்கள் கிளப்பைக் கண்டிப்பாக நடத்தினார். ஓடு, மோது, கடைசி விசில் வரைக்கும் விடாதே என்பது அங்கே எழுதாத சட்டம். கடைசிக் கால் மணி நேரம் வந்தால் ராபிட் ரசிகர்கள் ஒரே தாளத்தில் கை தட்டுவார்கள், அதற்கு ராபிட் கால் மணி என்றே பெயர். இன்றைக்கும் 75-வது நிமிடத்தில் அந்தக் கைத்தட்டல் கேட்கும், மைதானம் இரண்டு முறை மாறிய பிறகும்.

அந்தக் கால் மணியை ஊர் முழுக்கப் பேசவைத்தவர்களில் முதல் ஆள் உரிடில்தான். 1921-ல் வியன்னா அத்லெட்டிக் கிளப்போடு நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராபிட் பின்தங்கிக் கிடந்தது, கிட்டத்தட்ட ஆட்டம் போய்விட்ட நிலைமை. கடைசியில் 7-5 என்று ராபிட் ஜெயித்தது, ராபிட்டின் ஏழு கோலும் உரிடில் போட்டவை. ஏழும்! நண்பர்களே, ஒரு முன்கள வீரர் ஏழு கோல் போட்டார் என்றால் வலுவான உடம்பு இருந்தது என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியுமா? எதிரணிக்கு அவர் யார் என்று தெரியும், மூன்றாவது கோலுக்குப் பிறகு எல்லாரும் அவரையே சுற்றி நின்றிருப்பார்கள், இருந்தும் பந்து எங்கே விழும், எந்தப் பக்கம் இடைவெளி திறக்கும், எந்த நொடியில் கிளம்ப வேண்டும் என்று தெரிந்தால்தான் நாலாவதும் ஏழாவதும் வரும். அது மூளை வேலை. நல்ல சென்டர் ஃபார்வர்டு ஒருவரை இன்று நீங்கள் அலசும்போது பெட்டிக்குள் அவருடைய அசைவைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறீர்கள், உரிடிலுக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாதா?

அவருக்கு டாங்க் என்று பட்டப்பெயர். முதல் உலகப் போரில்தான் அந்த வண்டியை ஐரோப்பா முதன்முதலாகப் பார்த்திருந்தது, அந்தப் பெயர் ரசிகர்கள் வைத்தது, பயமும் பாசமும் கலந்த பெயர். பட்டப்பெயரை வைத்தே ஆட்டத்தை எடை போட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

அவர் உச்சத்தில் இருந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த மனிதர் ஏன் அவ்வளவு பெரியவரானார் என்று புரியும். 1918 இலையுதிர்காலத்தில் ஐந்து கோடிப் பேர் வாழ்ந்த பேரரசு உடைந்து, சுமார் 65 லட்சம் பேர் கொண்ட ஒரு சின்னக் குடியரசு மிஞ்சியது. வியன்னாவுக்குத் தானியம் வந்த ஹங்கேரியும் நிலக்கரி வந்த பொஹீமியாவும் ஒரே மாதத்தில் வெளிநாடாகிவிட்டன. பசி, குளிர், காசநோய். பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்து, 1922-ல் நாடே திவாலாகும் நிலைக்குப் போய், சர்வதேசச் சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) ஏற்பாட்டில் கடன் வாங்கித்தான் மூச்சு விட்டது. 1925-ல் ஷில்லிங் வந்தபோது பத்தாயிரம் குரோனைக் கொடுத்தால் ஒரு ஷில்லிங். ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1918 டிசம்பரில் தொழிற்சாலைகளுக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது, நகராட்சி சோஷலிஸ்டுகள் கைக்குப் போனது, தொழிலாளிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கொஞ்சம் ஓய்வு நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் அவன் போனது மைதானத்துக்கு. 1921-ல் ஹோஹே வார்ட்டே மைதானம் திறந்தது, 1923-ல் இத்தாலிக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்க அங்கே 80,000 பேருக்கு மேல் கூடினார்கள். ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஊர்தான் டிக்கெட்டுக்கும் வரிசையில் நின்றது.

இதையெல்லாம் விட்டுவிட்டு 1931-ல் கதையைத் தொடங்கினால், அதிசய அணி காப்பிக் கடையின் சிகரெட் புகையிலிருந்து தானாக முளைத்த மாதிரி ஆகிவிடுகிறது. கூட்டம் முதலில் வந்தது. கூட்டம் வந்ததால் பணம் வந்தது. பணம் வந்ததால் 1924-ல் பிரிட்டனுக்கு வெளியே ஐரோப்பாவின் முதல் தொழில்முறை லீக்கை வியன்னாவில் தொடங்க முடிந்தது. அந்த லீக்கில்தான் சிண்டெலார் சம்பளம் வாங்கி ஆடினார், அந்த லீக்கிலிருந்துதான் மைஸ்ல் தன் அணியைப் பொறுக்கி எடுத்தார். அந்தக் கூட்டத்தைப் போருக்குப் பிந்தைய வருடங்களில் மைதானத்துக்கு இழுத்த முகங்களில் உரிடிலின் முகத்துக்கு நிகராக இன்னொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்குச் சாட்சி பாட்டு. 1922-ல் ஹெர்மன் லியோபோல்டி என்ற வியன்னா இசையமைப்பாளர் "இன்று உரிடில் ஆடுகிறார்" என்று ஒரு பாட்டுப் போட்டார், அது ஊர் முழுக்க ஒலித்தது. ஒரு கால்பந்து வீரரைப் பெயர் சொல்லிப் பாடுகிற ஹிட் பாட்டு, 1922-ல்! சோப்புக்கும் பழச்சாறுக்கும் அவர் முகம் விளம்பரம். 1924 பிப்ரவரியில் ஒரு பக்கம் இசை அரங்க மேடையில் நிகழ்ச்சித் தொகுப்பாளராக நின்றார், இன்னொரு பக்கம் அவர் அவராகவே நடித்த படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரத்தில் நடித்த முதல் நட்சத்திர வீரர் யார் என்று பேசும்போது நீங்கள் ஜார்ஜ் பெஸ்டில் தொடங்குகிறீர்கள், கொஞ்சம் பின்னால் போகிறவர்கள் சிண்டெலாரின் கோட்டு, கடிகார விளம்பரங்கள் வரைக்கும் போகிறீர்கள். இன்னும் பத்து வருடம் பின்னால் போனால் உரிடில் நிற்கிறார். 

லியோபோல்டி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அந்தப் பாட்டை மட்டும் சொல்லிவிட்டு அவரைக் கடந்து போக எனக்கு மனசு வரவில்லை. அவர் யூதர். 1938-ல் நாஜிகள் அவரைக் கைது செய்து டாஹாவ், பிறகு புஹென்வால்ட் என்ற வதைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். எப்படியோ வெளியே வந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தார், 1947-ல் வியன்னா திரும்பினார். புஹென்வால்டில் கைதிகளுக்காக ஒரு அணிவகுப்புப் பாட்டுக்கு அவர் மெட்டமைத்தார், வரிகளை எழுதியவர் ஃபிரிட்ஸ் லோனர்-பேடா. அந்த லோனர்-பேடாதான் வியன்னாவின் யூதக் கிளப்பான ஹகோவாவின் முதல் தலைவர். 1942-ல் அவரை ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள். ஹகோவா யார் என்று கேட்டால், 1924-25-ல் அந்த முதல் தொழில்முறை லீக்கை வென்ற அணி. உரிடிலின் காலத்தை நிதானமாகச் சொல்லத் தொடங்கினால் இப்படி ஒன்றைப் பிடித்து இன்னொன்று வந்துகொண்டே இருக்கும். வியன்னாவின் சோகம் சிண்டெலார் ஒருவரின் அறைக்குள் நடந்து முடிந்ததாகச் சொன்னால் அது மிகவும் குறைவு.

சரி, "ஆனால் தேசிய அணியில் உரிடில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லையே" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். 1919-க்கும் 1926-க்கும் இடையில் எட்டு ஆட்டம், எட்டு கோல். ஆட்டத்துக்கு ஒன்று. எண்ணிக்கை குறைவுதான், மறுக்கவில்லை. குட்டிப் பாஸ்களால் ஆட்டத்தைப் பின்னுகிற ஸ்காட்டிஷ் பாணிதான் மைஸ்லின் மனசுக்குப் பிடித்தது, ஜிம்மி ஹோகன் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது அது. நேராகக் கோலை நோக்கிக் கிளம்புகிற ஓர் ஆள் அதில் முழுசாகப் பொருந்தியிருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. உரிடிலின் கடைசி தேசிய ஆட்டமும் சிண்டெலாரின் முதல் தேசிய ஆட்டமும் ஒரே வருடத்தில், 1926-ல் வருகின்றன. இதைப் பிடித்துக்கொண்டுதான் பழையது போய்ப் புதியது வந்தது என்ற கதை கட்டப்படுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ராபிட் பாணி 1926-ல் செத்துப்போகவில்லை. 1930-ல் மத்திய ஐரோப்பிய கிளப்புகள் மோதிய மித்ரோபா கோப்பையை வென்றது ராபிட். அடுத்த வருடம் அதிசய அணியின் நடுக்களத்தில் நின்று ஆட்டத்தைத் தாங்கிய யோசெஃப் ஸ்மிஸ்டிக் ராபிட் வீரர். சிண்டெலார் நடனமாட அவருக்குப் பின்னால் யாரோ பந்தைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது, அந்த வேலை ஹூட்டெல்டார்ஃபில் கற்றது. புறநகரும் காப்பிக் கடையும் ஒரே அணியில் ஒரே சட்டையில் ஆடின.

இனி நான் உண்மையாகவே கோபப்படுகிற இடத்துக்கு வருகிறேன்: உரிடில் பயிற்சியாளராக வாழ்ந்த வாழ்க்கை. அதற்கு அரை வரிகூட இல்லை. ஆடுவதை நிறுத்திய பிறகு அவர் இருந்த இடமே தெரியாமல் போனார் என்கிற மாதிரிதான் எல்லாரும் பேசுகிறீர்கள்.

அந்தக் காலத்தில் வியன்னா, புடாபெஸ்ட், பிராக் மூன்றும் ஐரோப்பாவுக்குப் பயிற்சியாளர்களை ஏற்றுமதி செய்த ஊர்கள். இத்தாலி, சுவிட்சர்லாந்து, பால்கன் நாடுகள் என்று எங்கே புதிதாக ஒரு கிளப் தலை தூக்கினாலும் டானூப் கரையிலிருந்து ஒருவரை வரவழைப்பார்கள். உரிடிலும் அப்படிக் கிளம்பினார். தெற்கு இத்தாலியில் பாரி அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 1934 உலகக் கோப்பைக்கு ருமேனியா போனபோது கோஸ்டெல் ரடுலெஸ்குவோடு சேர்ந்து அந்த அணியைத் தயார் செய்தவர் இந்த முரட்டு டாங்க்தான்.

1934 மே 27-ஐப் பற்றி நீங்கள் பல முறை பேசியிருக்கிறீர்கள். பதினாறு அணிகள், குரூப் கிடையாது, முதல் ஆட்டத்தில் தோற்றால் ரயிலேற வேண்டியதுதான். எட்டு ஆட்டங்களும் இத்தாலியின் எட்டு ஊர்களில் ஒரே நாளில். டூரினில் ஆஸ்திரியா பிரான்ஸிடம் தடுமாறி, கூடுதல் நேரத்தில் 3-2 என்று தப்பித்தது. சிண்டெலார், ஷால், பிட்சன் மூவரும் கோல் போட்டார்கள். இதை எல்லாரும் சொல்கிறீர்கள். அதே நாளில் டிரியெஸ்டே ஊரில் ருமேனியாவும் செக்கோஸ்லோவாக்கியாவும் மோதின, அங்கே ருமேனியாவின் பெஞ்சில் உரிடில். டிரியெஸ்டே 1918 வரைக்கும் ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகம், அவர் பிறந்த நாட்டின் கடற்கரை, இப்போது இத்தாலி. எதிரணியோ அவர் குடும்பத்தின் வேர் இருந்த மண்ணிலிருந்து வந்த அணி. அவர் பயிற்சி கொடுத்த அணியில் திமிஷ்வாராவின் ரிபென்சியா கிளப் வீரர்கள் இருந்தார்கள், அந்த ஊரும் 1918 வரை அதே பேரரசுக்குள் இருந்த ஊர். பேரரசு செத்துப் பதினாறு வருடம் ஆகியும் அதன் துண்டுகள் எல்லாம் அன்று அந்தப் புல்வெளியில் இருந்தன. இதைவிட ஒரு நல்ல கதை உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

பதினோராவது நிமிடத்தில் ருமேனியாவுக்காக ஷ்டெஃபான் டோபாய் கோல் போட்டார். கோல்கீப்பர் பிளானிச்கா நின்ற அணிக்கு எதிராக, இடைவேளை வரைக்கும் ருமேனியா 1-0 என்று முன்னால் இருந்தது. இரண்டாவது பாதியில் பூச் சமன் செய்தார், நெயெட்லி இரண்டாவது கோலைப் போட்டார், 2-1. ருமேனியாவின் உலகக் கோப்பை அந்த தொண்ணூறு நிமிடத்தோடு முடிந்தது. ஆனால் தோற்கடித்தவர்கள் யார் என்று பாருங்கள்: அதே செக்கோஸ்லோவாக்கியா நேராக இறுதி ஆட்டம் வரைக்கும் போய், ரோமில் அதே பூச்சின் கோலால் முன்னிலை பெற்று, கூடுதல் நேரத்தில்தான் இத்தாலியிடம் 2-1 என்று தோற்றது. இறுதி வரை போன அணியை ஒரு பாதி நேரம் பின்னால் ஓடவைத்தது உரிடிலின் ருமேனியா. அரையிறுதியில் இத்தாலியிடம் 1-0 என்று விழுந்த ஆஸ்திரியாவைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசுகிறவர்கள், இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கலாம்.

அப்புறம் 1953. ராபிட் அவரைத் திரும்ப வீட்டுக்குக் கூப்பிட்டது. வயது ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள்: கோலில் வால்ட்டர் ஸெமான், பின்களத்தில் எர்ன்ஸ்ட் ஹாப்பெல், எல்லா இடத்திலும் ஆடத் தெரிந்த கெர்ஹார்டு ஹனாப்பி, சகோதரர்கள் ராபர்ட் கோர்னர், ஆல்ஃபிரட் கோர்னர், முன்னால் எரிக் புரோப்ஸ்டும் ராபர்ட் டீன்ஸ்ட்டும். கெட்டிக்காரர்கள், ஒவ்வொருவரும் ஒரு ராஜா, அடக்குவது சுலபமில்லை. உரிடில் இருந்த அந்த 1953-54 சீசனில் ராபிட் லீக் சாம்பியன். வீரராகப் பல முறை அதே பட்டத்தை வென்றவர், முப்பது வருடத்துக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு அதே கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்து மறுபடியும் வென்றார்.

அந்தக் கோடையில்தான் சுவிட்சர்லாந்தில் உலகக் கோப்பை. 1954 ஜூன் 26, லோசான், கொளுத்துகிற வெயில். சுவிட்சர்லாந்து இருபது நிமிடத்துக்குள் மூன்று கோல் போட்டுவிட்டது. ஆஸ்திரியாவின் கோல்கீப்பர் குர்ட் ஷ்மீட் வெயில் தாக்கித் தள்ளாடிக்கொண்டே நின்றார். அங்கிருந்து ஆஸ்திரியா எழுந்து வந்து 7-5 என்று ஜெயித்தது. ஒரே ஆட்டத்தில் பன்னிரண்டு கோல், உலகக் கோப்பையில் இன்று வரைக்கும் யாரும் தாண்டாத கணக்கு. இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசாத கால்பந்துப் பக்கமே இல்லை. ஆனால் அன்று ஆடிய ஹனாப்பி, ஹாப்பெல், இரண்டு கோர்னர்கள், புரோப்ஸ்ட் ஆகிய ஐந்து பேரும் சில வாரங்களுக்கு முன்னால்தான் உரிடிலின் ராபிட்டில் சாம்பியன் ஆகியிருந்தார்கள் என்பதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்திரியாவின் ஏழு கோலில் மூன்று அவர்களுடையவை, ஆல்ஃபிரட் கோர்னர் இரண்டு, புரோப்ஸ்ட் ஒன்று. எதிரே சுவிட்சர்லாந்தின் பயிற்சியாளர் கார்ல் ரப்பான், வியன்னாக்காரர், ஒரு காலத்தில் ராபிட்டில் ஆடியவர். பின்தங்கிய பிறகு ஏழுக்கு ஐந்து: 1921-ல் உரிடில் தனியாளாகச் செய்த அதே ஸ்கோர்.

தேசிய அணியின் பயிற்சியாளர் உரிடில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வெற்றியை அவர் கணக்கில் எழுதச் சொல்லவில்லை. அரையிறுதியில் அதே அணி மேற்கு ஜெர்மனியிடம் 6-1 என்று நொறுங்கியதை அவர் தலையில் கட்ட முடியாது என்கிற மாதிரிதான் இதுவும். ஆனால் ஒரு கிளப் தன் குணத்தை ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்கு எப்படிக் கடத்துகிறது என்று நீங்கள் நிறையப் பேசுகிறீர்கள், பார்சிலோனாவுக்கும் ஆயக்ஸுக்கும் அதைச் சொல்கிறீர்கள். ராபிட்டில் அந்தக் கை மாற்றம் நடந்த இடத்தில் உரிடில் நின்றார். ஹாப்பெல் பிறகு ஃபெயினூர்டுக்கும் ஹாம்பர்க்குக்கும் ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்து, 1978-ல் நெதர்லாந்தை உலகக் கோப்பை இறுதிக்குக் கூட்டிப் போனார். ஹனாப்பி கட்டடக் கலைஞராகி, பஃபார்வீஸவுக்குப் பதிலாக வந்த ராபிட்டின் புது மைதானத்தை அவரே வரைந்தார். இவர்களைப் பற்றித் தனித்தனி வீடியோ போடுகிறீர்கள். இவர்கள் ஒன்றாக ஆடிய ஒரு சாம்பியன் அணியின் பயிற்சியாளர் பெயர் மட்டும் அவற்றில் வருவதே இல்லை.

ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தேன். வீடியோப் பதிவு இல்லை என்பீர்கள். 1921-க்கு இல்லைதான், ஆனால் சிண்டெலாரின் ஆட்டமும் சில நிமிடத் துண்டுகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது, அதை வைத்து எவ்வளவோ பேசுகிறோம். எனக்குத் தோன்றும் காரணம் வேறு. சிண்டெலார் முப்பத்தைந்து வயதில், கொடுங்கோலன் ஊருக்குள் வந்த பத்து மாதத்தில், யாராலும் முழுசாக விளக்க முடியாத ஒரு சாவைச் செத்தார். உரிடில் 1962 ஜனவரி 20 அன்று, அறுபத்தாறு வயதில், பிறந்த ஊரிலேயே இறந்தார். பாட்டில் வந்தார், படத்தில் வந்தார், அப்புறம் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி கொடுத்தார், திரும்பி வந்தார், ஒரு பட்டம் வென்றார், வயசாகிப் போனார். வேலை செய்து முடித்த ஒரு வாழ்க்கை. சோகம் இல்லாததால் தம்ப்நெயில் இல்லை, தம்ப்நெயில் இல்லாததால் ஆள் இல்லை என்றாகிவிட்டது. இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த முறை அதிசய அணியைப் பற்றிப் பேசும்போது 1931-ல் தொடங்காமல் ஒரு பத்து வருடம் முன்னால், பசியிலிருந்த வியன்னாவிலிருந்து தொடங்குங்கள். உரிடிலை சிண்டெலாருக்கு எதிர்ப்பதமாக நிறுத்தாமல், அவருக்கு முன்னால் அதே தெருவில் நடந்து போனவராகச் சொல்லுங்கள். அவர் மொத்தம் எத்தனை கோல் போட்டார் என்று ஒரு பெரிய எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தக் காலக் கணக்குகளில் லீக், கோப்பை, நட்பு ஆட்டம் எல்லாம் கலந்து கிடக்கும், உறுதியான ஏழு போதும். 1934 பற்றிய பகுதியில் டூரினுக்குப் பக்கத்தில் டிரியெஸ்டேக்கும் இடம் கொடுங்கள். ஹாப்பெல் பற்றிப் பேசினால் அவர் பாரிஸுக்குப் போவதற்கு முந்தைய சீசனில் ராபிட்டின் பயிற்சியாளர் யார் என்று ஒரு வரி சேருங்கள்.

உங்களில் யாராவது உரிடிலுக்கென்றே தனியாக ஒரு கட்டுரையோ ஒரு எபிசோடோ செய்தால், பாரியிலும் புக்காரெஸ்டிலும் அவர் செய்த வேலையைத் தோண்டி எடுங்கள். ருமேனிய, இத்தாலியப் பழைய பத்திரிகைகள் இப்போது நிறையவே இணையத்தில் ஏறியிருக்கின்றன, மொழிபெயர்ப்புக் கருவிகளும் கையில் இருக்கின்றன. செய்கிறவர் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். படிக்கவும், சரிபார்க்கவும், ஆண்டுகளை ஒத்துப் பார்க்கவும் நான் தயார்.

அன்புடன்,
உங்கள் வாசகன்